கெட்டி ஆயிலும் பழைய எஞ்சினும்

போர் தண்ணீரை விட்டுச் சம்பாவுக்குச் சேடை ஓட்டும் நாட்களில், பாகூர் பக்கத்து டிராக்டர் எஞ்சின்கள் வருடத்திலேயே கடினமான வேலையைச் செய்கின்றன. வண்டி நகர்வது நடை வேகத்தில். எஞ்சின் சுழல்வதோ முக்கால் திராட்டிலுக்கு மேல். கேஜ் வீல் களிமண் சேற்றைக் குழப்பிக்கொண்டே போக, தெறித்த சேறு ரேடியேட்டர் ஜாலியில் அப்பிக் காய்ந்து காற்றை மறிக்கிறது. வெளியே 35 டிகிரி வெயில் என்றால், எஞ்சினுக்கு அடியில் ஆயில் சம்பில் 100 டிகிரியை ஒட்டிய சூடு. அந்தச் சூட்டில் ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தே முப்பது, நாற்பது வருடம் ஓடிய எஞ்சினின் மிச்ச ஆயுள்.

பழைய வண்டிக்கு என்ன ஆயில் வாங்குவது என்று கேட்டால் பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “வண்டிக்கு வயசாயிடுச்சுண்ணே, இனிமே கெட்டி ஆயிலா ஊத்திக்குங்க.” சொல்பவர் அனுபவத்தில்தான் சொல்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. சிக்கல் மீதிப் பாதியில்.

முதலில் இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு மாறியபோது, இந்தியாவில் டிராக்டர் தயாரிப்பே தொடங்கியிருக்கவில்லை. 1959இல்தான் ஜெர்மனியின் ஐஷர் நிறுவனத்தின் துணையோடு பரீதாபாத்தில் முதல் உள்நாட்டு டிராக்டர் வெளிவந்தது. தண்ணீரே தேவைப்படாத, காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும் எஞ்சின் அது. 1960இல் சென்னையில் டாஃபே, மாஸி பெர்குசனின் தொழில்நுட்பத்தோடு. 1963இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் மகிந்திரா. 1971இல் பிஞ்சோரில் எச்எம்டி, செக் நாட்டு ஸீட்டரின் வரைபடத்தை வைத்து. தமிழ்நாடு, புதுச்சேரி வயல்களில் இவற்றில் அதிகம் பழகிய முகம் மாஸி பெர்குசன் 1035. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் சென்னை செம்பியத்தின் சிம்சன் கம்பெனி செய்தது. 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய அதே சிம்சன்தான், 1950களில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினுக்கு வந்து சேர்ந்தது.

பெர்கின்ஸ் 3.152 என்ற அந்த மூல எஞ்சின் 1950களின் கடைசியில் வந்தது. மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், ஏறத்தாழ 2.5 லிட்டர். அக்காலத்து மாஸி கையேடுகள் வெயில் காலத்துக்கு எஸ்ஏஇ 30 ஆயிலைச் சொல்லின. இன்று அதே குடும்பத்து எஞ்சினில் 40ஐ ஊற்றியும் போதாமல் 50ஐத் தேடுகிறார்கள். வடிவமைத்தவர்கள் கேட்டதைவிட இரண்டு படி கெட்டி. எஞ்சின் அப்படி என்னதான் மாறிவிட்டது?

பதிலுக்கு 1883ஆம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும். ரயில் அச்சின் பேரிங்குக்கு எந்த எண்ணெயை எப்படி இடுவது என்று ஆராயச் சொல்லி, இயந்திரப் பொறியாளர் கழகம் பீச்சம் டவர் என்பவரை அமர்த்தியிருந்தது. அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் முழுகியிருக்க, மேலே உட்கார்ந்திருந்த பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடுவதற்கென்று ஒரு துளை போட்டார் டவர். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் மேலே பொங்கி வந்தது. மரக்கட்டை வைத்து அடைத்தார். கட்டையை எண்ணெய் மெல்ல வெளியே தள்ளிவிட்டது. அழுத்தமானியை மாட்டியதும் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங் மேல் இருந்த சராசரிச் சுமை 100 பவுண்டுதான். சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்துக்கொண்டு போய்க் குறுகும் இடுக்கில் திணிக்கிறது. அப்படித் திணிபட்ட எண்ணெய் இரும்பையே தூக்கி நிறுத்துகிறது. மூன்று வருடம் கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் எஞ்சின் பேரிங் செய்கிறவர்கள் அந்தச் சமன்பாட்டில்தான் தொடங்குகிறார்கள்.

ஆக, ஓடுகிற எஞ்சினில் கிராங்க் ஷாப்ட் பேரிங்கைத் தொடுவதே இல்லை. சில மைக்ரான் தடிமன் உள்ள ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலத்தின் தடிமனைத் தீர்மானிப்பவை மூன்று: சுழலும் வேகம், சுமக்கும் பாரம், ஆயிலின் பாகுநிலை. கெட்டி ஆயிலில் படலம் தடிக்கும் என்பது சரி. பட்டறைக்காரர் சொன்னதில் இருந்த பாதி உண்மை இதுதான்.

மீதியைப் பார்க்கலாம். பேரிங்குக்கும் ஷாப்டுக்கும் நடுவே வைத்திருக்கும் இடைவெளி புது எஞ்சினில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயில் பம்ப் தள்ளிவிடும் ஆயில் அந்த இடைவெளியின் ஓரங்கள் வழியே ஒழுகிச் சம்புக்குத் திரும்புகிறது. ஒழுகும் அளவு இடைவெளியின் மும்மடிக்கு, அதாவது அதே எண்ணை மூன்று முறை பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஏற்பக் கூடும். தேய்ந்து தேய்ந்து இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்கு. எஸ்ஏஇ 40இலிருந்து 50க்குப் போனால் பாகுநிலை கூடுவதோ மூன்றில் ஒரு பங்குதான். எட்டு மடங்கு ஓட்டையை மூன்றில் ஒரு பங்கு கெட்டியால் அடைக்க முடியாது.

ஆனால் மீட்டர் முள் கொஞ்சம் ஏறும். ஏமாற்றுவது அந்த முள்தான். ஆயில் பிரஷர் என்று டேஷ்போர்டில் தெரிவது ஆயில் ஓடுவதற்கு எதிர்ப்பு எவ்வளவு என்ற கணக்கு. பேரிங்குக்கு எவ்வளவு ஆயில் போய்ச் சேர்ந்தது என்று அது சொல்லாது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் முள் நிமிர்ந்து நிற்பதையும், இரண்டு மணி நேரம் சேடை ஓட்டிய பின் படுத்துவிடுவதையும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். சூடான பிறகு, வேலை வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்பதே கவனிக்க வேண்டியது. அங்கே கையேடு சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கினால், செலவு செய்ய வேண்டிய இடம் பேரிங்கும் ஆயில் பம்பும். கெட்டி ஆயிலை ஒரு சாகுபடியைத் தாட்டிவிட வாங்கலாம், அவ்வளவே. அதற்கும் விலை உண்டு. மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது அந்தக் கெட்டி ஆயில் மேலே ராக்கர் வரை ஏறிச் சேர நேரம் எடுக்கும். அதுவரை இரும்போடு இரும்பு.

டப்பாவின் மேல் உள்ள எண்கள் இதைத்தான் சொல்ல முயல்கின்றன. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம், எஸ்ஏஇ, 1911இல் தொடங்கிய வகைப்பாடு இது. 100 டிகிரியில் பாகுநிலை 12.5 சென்டிஸ்டோக்கிலிருந்து 16.3க்குள் இருந்தால் அது 40, 9.3இலிருந்து 12.5க்குள் என்றால் 30. சூட்டுக்கு ஆயில் எவ்வளவு இளகும் என்பதற்கு ஒரு கணக்கு: சாதாரண 40 நம்பர் ஆயில் 40 டிகிரியில் சுமார் 150 சென்டிஸ்டோக் இருக்கும், 100 டிகிரியில் அது 14, 15 ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு.

20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 என்று இரட்டை எண் போட்டவற்றில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 15டபிள்யூ ஆயிலை உறைநிலைக்கு 20 டிகிரி கீழேயும், 20டபிள்யூவை 15 டிகிரி கீழேயும் வைத்துச் சோதிக்கிறார்கள். மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் வில்லியனூரில் அந்தச் சோதனைக்கு நேரடிப் பொருள் கிடையாது. ஆனாலும் இரட்டை எண் ஆயிலால் இங்கே ஒரு பயன் உண்டு. குளிரில் சுருண்டும் சூட்டில் விரிந்தும் இருக்கும் நீண்ட பாலிமர் மூலக்கூறுகளை அதில் கலந்திருப்பதால், கிளப்பும்போது ஒற்றை எண் ஆயிலைவிட இளக்கமாகவும் சூட்டில் அதே கெட்டியிலும் இருக்கும். இந்தப் பாலிமர்கள் பல்சக்கரங்களின் நடுவிலும் பேரிங்குகளிலும் நசுங்கி மெல்ல அறுபடுகின்றன. ஆயில் பழசாகப் பழசாக 40 என்று வாங்கியது 30ஐ நோக்கி நழுவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணைப் பார்க்கிறவர்கள் அதற்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. உண்மையில் பழைய டீசல் எஞ்சினுக்கு எண்ணைவிட அந்த எழுத்துக்குத்தான் கனம் அதிகம்.

அந்த எழுத்தின் கதை தொடங்குவதே ஒரு டிராக்டரில்தான். 1931இல் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் கம்பெனி தன் முதல் டீசல் டிராக்டரை விற்பனைக்கு விட்டது. சில நூறு மணி நேரத்தில் பிஸ்டன் ரிங்குகள் கரியும் பிசினும் பிடித்துப் பள்ளத்திலேயே இறுகிக்கொண்டன. பெட்ரோல் எஞ்சினில் ஒழுங்காக ஓடிய சுத்தமான கனிம எண்ணெய் டீசலின் சூட்டிலும் கரியிலும் தோற்றது. ஆயில் கம்பெனிகளோடு சேர்ந்து அவர்கள் கண்ட வழி, உலோகச் சோப்பு போன்ற சேர்மானங்களை ஆயிலில் கரைப்பது. கரியை ஒட்டவிடாமல் கழுவி, துகள் துகளாக ஆயிலிலேயே மிதக்க வைக்கும் டிடர்ஜென்ட் ஆயில் அப்படித்தான் பிறந்தது. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துப்போவதைப் பார்த்து ‘மட்ட ஆயில்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. நிறம் மாறாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கரி எங்கோ உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், ஏபிஐ, டீசல் ஆயிலின் தரத்தை ‘சி’யில் தொடங்கும் எழுத்துகளால் குறிக்கிறது. சிடி 1955, சிஎப்-4 1990, சிஐ-4 2002, சிகே-4 2016. எழுத்து முன்னேற முன்னேறக் கரியைத் தாங்கும் திறனும் தேய்மானத்தைத் தடுக்கும் திறனும் கூடியிருக்கின்றன. பழைய எஞ்சினுக்குப் பழைய தர ஆயில்தான் ஒத்துக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை. சிடி கேட்ட எஞ்சினில் சிஎப்-4ஐயும் சிஐ-4ஐயும் தாராளமாக ஊற்றலாம். ஒரே ஒரு விலக்கு, சிகே-4 உடன் சேர்ந்து வந்த எப்ஏ-4. அது எரிபொருள் மிச்சத்துக்காக மெலிதாக்கப்பட்டது; சில புது லாரி எஞ்சின்களுக்கு மட்டுமே உரியது. ‘எஸ்’ஸில் தொடங்கும் எழுத்து மட்டும் இருந்தால் அது பெட்ரோல் வண்டிக்கானது. வீட்டில் மிஞ்சிய பைக் ஆயிலை டிராக்டரில் ஊற்றினால் டீசல் கரியைத் தூக்கிச் சுமக்கும் வலு அதற்கு இருக்காது.

ஒரு பயத்துக்கு மட்டும் இடம் கொடுக்கலாம். வருடக்கணக்கில் மட்டமான ஆயிலில் ஓடிய எஞ்சினில் திடீரென்று நல்ல டிடர்ஜென்ட் ஆயிலை ஊற்றினால், அடியில் படிந்த கசடு கிளம்பி பில்டரை அடைக்கக்கூடும். அதற்காக நல்ல ஆயிலைத் தள்ளிவைக்க வேண்டாம். முதல் முறை மட்டும் நாற்பது, ஐம்பது மணி நேரத்தில் ஆயிலையும் பில்டரையும் சேர்த்து மாற்றிவிட்டால் போதும். மாற்றுவதற்கு முன் சம்பில் டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி எஞ்சினை ஓட்டிக் கழுவும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அந்தச் சில நிமிடங்கள் பேரிங் டீசலில்தான் ஓடுகிறது. மூலையில் தங்கும் மிச்சம் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும்.

எஞ்சின் பழசானாலும் அது குடிக்கும் டீசல் பழசல்ல. ஆயில் பேச்சில் யாரும் எடுக்காத விஷயம் இது. 1990களின் நடுப்பகுதி வரை இந்திய டீசலில் எடையில் 1 சதவீதம் வரை கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. அந்தக் கந்தகம் எரிந்து, நீராவியோடு சேர்ந்து, சிலிண்டர் சுவரில் கந்தக அமிலமாகப் படியும். அதை முறிக்கத்தான் டீசல் ஆயிலில் காரச் சேர்மங்களைக் கலக்கிறார்கள். அந்தக் காரம் தீரும் முன் ஆயிலை மாற்ற வேண்டும் என்பது பழைய கையேடுகளின் குறுகிய மணிக்கணக்குக்கு ஒரு காரணம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகத்தின் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. பழைய வரம்பில் ஆயிரத்தில் ஒன்று. வரி குறைவாக இருப்பதால் கடலூர், விழுப்புரம் மாவட்ட எல்லை ஊர்க்காரர்களும் புதுச்சேரி பங்க்குகளில் நிரப்பிப் போகும் அந்த டீசலால், நாற்பது வயது எஞ்சினும் தன் வாலிபத்தில் பார்க்காத சுத்தமான எரிபொருளில் ஓடுகிறது. கந்தகம் போனதில் டீசலின் வழுக்கும் தன்மையும் போய்விட்டது, பம்ப் தேயும் என்று டேங்கில் 2டி ஆயில் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். வழுக்குத்தன்மைக்கும் தனி வரம்பு வைத்துத்தான் டீசலை விற்கிறார்கள் என்பதால் அது வீண் செலவு.

கந்தகம் குறைந்துவிட்டதே, ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடலாமா? கூடாது. தேய்ந்த ரிங்குகளைத் தாண்டிக் கரியும் புகையும் சம்புக்குள் இறங்குவது பழைய எஞ்சினில் அதிகம். போதாததற்கு இந்த வண்டிகள் பலவும் சேடைக்கும் அறுவடைக்கும் ஓடிவிட்டு மழைக்காலத்தில் கொட்டகையில் நிற்கின்றன. நரம்பை, பனித்திட்டு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. அமிலமும் ஈரமும் ஏறிய பழைய ஆயிலோடு எஞ்சினை மாதக்கணக்கில் நிறுத்தினால் பேரிங் அரிக்கும். சாகுபடி முடிந்ததும் மாற்றிவிட்டு நிறுத்துவதே நல்லது. மணிக்கணக்கு வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

ஆயில் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது அளவு குறைந்திருக்கிறதா என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். கூடியிருந்தால் அதைவிட ஆபத்து. பெர்கின்ஸ் வழி எஞ்சின்களில் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். அதன் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வு கிழிந்தால் டீசல் நேராகச் சம்புக்குள் சொட்டும். கம்பியில் அளவு ஏறும், மோந்தால் டீசல் வாடை வரும், விரலில் தேய்த்தால் பிசுக்கு இருக்காது. அப்போது எவ்வளவு கெட்டியான ஆயில் வாங்கினாலும் பயன் இல்லை. மாற்ற வேண்டியது அந்தச் சவ்வு. ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, ஹெட் கேஸ்கெட்டையோ லைனர் ரப்பரையோ பார்க்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். சூடான எஞ்சினிலிருந்து ஒரு சொட்டு ஆயிலை மை உறிஞ்சும் தாளிலோ அச்சடிக்காத செய்தித்தாளிலோ விட்டு, சில மணி நேரம் தட்டையாக வைத்தால் போதும். நடுவில் கருமை இருந்து ஓரம் நோக்கிப் படிப்படியாக வெளிறினால், கரியைச் சுமக்கும் திறன் ஆயிலுக்கு இன்னும் இருக்கிறது. நடுவில் கரும்பொட்டு கூர்மையான விளிம்போடு அப்படியே நின்றுவிட்டால் தீர்ந்தது. அதற்கு வெளியே நிறமில்லாத அகல வளையம் படர்ந்தால் டீசல் கலந்திருக்கிறது. தண்ணீர் இருந்தால் விளிம்பு பிசிறு பிசிறாகக் கிழிந்து காட்டும்.

எந்த ஆயில் என்ற கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். சூட்டிலும் பிரஷர் நிற்கிற, தண்ணீரில் குளிரும் மூன்று சிலிண்டர் மாஸிக்கோ இரண்டு சிலிண்டர் எச்எம்டிக்கோ 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40, தரம் சிஎப்-4 அல்லது அதற்கு மேல். காற்றில் குளிரும் பழைய ஐஷர் இன்னும் சூடாக ஓடும் என்பதால் அதற்கு 20டபிள்யூ-40 அல்லது ஒற்றை 40. ஆயிலைவிட முக்கியம், சிலிண்டர் வரிகளுக்கிடையில் வைக்கோல் தூசு அடையாமல் பார்த்துக்கொள்வது. நீலப்புகை விட்டு ஆயில் குடிக்கிற, ஆனால் இந்தப் போகத்துக்குள் பிரிக்க முடியாத எஞ்சினுக்கு டீசல் தரம் உள்ள 20டபிள்யூ-50, அதுவும் தற்காலிகமாக. சிந்தெடிக் ஆயிலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு இந்த வெப்பத்தில் ஓடும் பழைய எஞ்சினில் திரும்பி வராது. அந்தக் காசில் ஒரு பில்டரும் இன்னொரு முறை ஆயிலும் வாங்கலாம். பின்னால் கியர் ஹவுசிங்கில் ஊற்றும் 90 நம்பர் ஆயிலை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எண் பெரிதாக இருப்பதால் அதை எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் என்று நினைத்துவிட வேண்டாம், கியர் ஆயிலின் அளவுகோலே வேறு.

வாங்கிய ஆயிலில் கொஞ்சத்தை இன்னொரு இடத்துக்கும் ஒதுக்க வேண்டும். பழைய வண்டிகளின் ஏர் கிளீனர் பலவும் ஆயில் கிண்ணம் வைத்தவை. உள்ளே வரும் காற்று ஆயில் பரப்பில் மோதித் திரும்பும்போது தூசு ஆயிலில் மாட்டிக்கொள்ளும். நவரைக்குப் பின் வெயிலில் புழுதி உழவு ஓட்டும்போது கிண்ணத்தின் அடியில் விரல் கனத்துக்கு மண் சேரும். அந்த மண்ணின் குவார்ட்ஸ் துகள் சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. கிண்ணம் காய்ந்திருந்தால் சிலிண்டர் தேய்வதை உலகின் எந்த ஆயிலாலும் நிறுத்த முடியாது. கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் வம்பு: எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, டீசலை நிறுத்தியும் நிற்காமல் தறிகெட்டு ஓடும்.

வடித்த ஆறேழு லிட்டர் ஆயில் கடைசியில் எங்கே போகிறது? வேலிக் கம்பத்துக்குக் கறையான் மருந்தாக, ஏர் கலப்பைக்குத் துரு மருந்தாக, மிச்சம் கொட்டகை ஓரத்து மண்ணில். எரிந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பல வளைய ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்திருப்பதால் அதை வெறுங்கையால் பூசுவது நல்லதல்ல. 2016ஆம் ஆண்டின் தீங்கான கழிவுகள் விதிகளின்படி அது உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். பாகூர், வில்லியனூர் வயல்களும் வீடுகளும் பெரும்பாலும் போர் தண்ணீரை நம்பி இருப்பவை என்பதால், மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து, பழைய ஆயில் எடுக்கும் சர்வீஸ் சென்டரிலோ உரிமம் உள்ள வியாபாரியிடமோ கொடுப்பதே வழி.